மதகடிப் பள்ளத்தில் கனகாம்பரம்

குபேர நகர், மனை எண் 17,
நீடாமங்கலம் அருகில்,
12.06.2025

அன்புள்ள அனுசுயாவுக்கு,

இங்கு நலம். நீயும் கனிமொழியும் மாப்பிள்ளையும் பேத்தி செம்மொழியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று போனில் நீ என்னவோ கேட்டாய். நான் "சாப்பிட்டேன்" என்றேன். பிறகு கனிமொழி செய்தி அனுப்பினாள்: "அப்பா, அம்மா கேட்டது காஸ் சிலிண்டர் வந்துச்சான்னு." காதில் மாட்டியிருக்கும் கருவியும் போனும் சேர்ந்தால் அரிசி புடைக்கிற சத்தம்தான் கேட்கிறது. ஆகவே கடிதம். சிலிண்டர் வந்துவிட்டது. சாப்பிடவும் செய்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். பால் காய்ச்சிய அன்று நீ கொல்லைக் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றாய். பிறகு சாத்திவிட்டு வந்தாய். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லி, அன்று சாயங்காலமே மகளோடு காரில் ஏறிவிட்டாய். வாழ்நாளெல்லாம் வாடகை வீட்டிலும் குவார்ட்டர்ஸிலும் இருந்துவிட்டு, சொந்த வீட்டில் நீ ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. என்ன குறை வைத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். சமையல் மேடை உன் உயரத்துக்கு அதிகமோ என்று தோன்றுகிறது. மேஸ்திரியைக் கூப்பிட்டால் குறைத்துவிடலாம் என்கிறார். எழுது.

கொல்லையில் தோட்டம் போட ஆரம்பித்திருக்கிறேன். சிரிக்காதே. உத்தியோகத்தில் இருந்தவரை மற்றவர்கள் வயலில் கயிறு கட்டி, முளையடித்து, அதற்குள் விளைந்ததை அறுக்கச் சொல்லி எடை போட்டவன் நான். புள்ளியியல் ஆய்வாளர் என்று பெயர். என் கையால் ஒரு விதை போட்டதில்லை. அப்பா விட்டதில்லை. "எங் காலு சேத்துல கெடக்கட்டும், ஒங் காலு பெஞ்சுக்கு அடியில இருக்கணும்" என்பார். அவர் சொல்லை இந்த வயதில் மீறுகிறேனோ என்று உறுத்தலாகத்தான் இருக்கிறது. அதனால் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு செய்கிறேன்.

முளையடித்துக் கயிறு கட்டி, வெண்டை, கத்தரி, மிளகாய் போட்டிருக்கிறேன். பாகலுக்குக் கம்பிப் பந்தல். பக்கத்து மனை லியாகத் அலியின் மனைவி நஜ்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன சார், வெண்டக்கா போடுறீங்களா, ரோடு போடுறீங்களா?" என்று கேட்டார். கயிற்றை அவிழ்க்க வேண்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும் சார், வெண்டக்காயாவது நேரா வரட்டும்" என்றார்.

அடுக்களை ஜன்னலுக்கு எதிரே, கொல்லை மூலையில், உனக்காகக் கனகாம்பரம் வைத்திருக்கிறேன். பாத்திரம் கழுவும்போது நிமிர்ந்தால் உன் கண்ணில் பட வேண்டும் என்று நின்று பார்த்துத்தான் இடம் குறித்தேன்.

எப்போது வருகிறாய்?

உன் நலம் நாடும்,
வீரையன்


சென்னை,
23.06.2025

கனிமொழி அப்பாவுக்கு அன்புடன் எழுதுவது,

உங்கள் கடிதம் வந்தது. கடிதம் வந்தால் கனிமொழி படம் பிடித்து அவள் சிநேகிதிகளுக்கெல்லாம் அனுப்புகிறாள். "எங்கம்மாவுக்கு லெட்டர் வருதுடி" என்று அப்படி ஒரு பெருமை.

குழந்தைக்குக் கீழ்ப்பல் முளைக்கிறது. கைக்குக் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள். மாப்பிள்ளையின் கைக்கடிகார வாரில் பல் தடம் இருக்கிறது. இந்த நேரத்தில் நான் எப்படி வர முடியும்?

சமையல் மேடையில் கை வைக்காதீர்கள். அது ஒன்றும் குறையில்லை. வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதீர்கள். ரசத்துக்குப் புளி கரைக்க உங்களுக்கு இன்னும் தெரிந்தபாடில்லை என்று நினைக்கிறேன். நஜ்மா அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கனகாம்பரத்தை அந்தப் பள்ளத்தில் வைக்காதீர்கள். அங்கே தண்ணீர் நிற்கும்.

இப்படிக்கு,
அனுசுயா


குபேர நகர்,
15.07.2025

அன்புள்ள அனுசுயாவுக்கு,

நலம். பேத்தியின் பல்லுக்கு என் ஆசி.

முதலில் நல்ல செய்தி. கத்தரி பூத்துவிட்டது. ஊதாப் பூ, நடுவில் மஞ்சள். இத்தனை வருடம் கத்தரிக்காய் சாப்பிட்டிருக்கிறேன், அதன் பூ தலை குனிந்துதான் பூக்கும் என்பதைக் கவனித்ததே இல்லை. பாகல் கொடி நேற்று கம்பியைப் பிடித்துக்கொண்டது. காலையில் பார்த்தபோது சுருள் காற்றில் தடவிக்கொண்டிருந்தது. காபியைக் குடித்துவிட்டு வந்து பார்த்தால் சுற்றிவிட்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைப் போய் எழுதுகிறேனே என்று வெட்கமாகவும் இருக்கிறது. உன்னைத் தவிர யாருக்கு எழுதுவது?

அனுசுயா, காலையில் கண் விழித்ததும் எதையோ நினைத்துச் சந்தோஷப்படுகிறேன். என்ன என்று யோசித்தால் வெண்டைச்செடி. ஓய்வு பெற்ற பிறகு இப்படி எழுந்ததில்லை.

அடுத்தது கெட்ட செய்தி. ஆற்றில் தண்ணீர் வந்து, மதில் சுவருக்குப் பின்னால் இருக்கும் பழைய வாய்க்கால் நிரம்பியது. மனை போட்டவர்கள் முன்பக்கம் மட்டும் மண் அடித்து உயர்த்தியிருக்கிறார்கள். கொல்லைப் பக்கம் பழைய வயல் மட்டத்திலேயே இருக்கிறது. சுவரின் அடியில் ஊற்று எடுத்து, மூலையில் கணுக்கால் அளவு நின்றுவிட்டது. கனகாம்பரம் அத்தனையும் அழுகிப்போயிற்று. நஜ்மா வேறு கன்றுகள் கொடுத்தார். மேடு கட்டி வைத்தேன். அவையும் போய்விட்டன. மற்றவையெல்லாம் செழிப்பாக இருக்க, உனக்கென்று வைத்தது மட்டும் பிழைக்கவில்லை. எனக்கு இப்படிப்பட்டவற்றில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் மனது கேட்கவில்லை.

இன்னொன்று. கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, எழுதிய தாளை இரண்டு தரம் கிழித்துப் போட்டேன். நீ வந்தது நல்ல கோடை. தரை வெடித்துக் கிடந்தது. அங்கே பள்ளம் இருப்பது கட்டடம் கட்டிய எனக்கே தெரியாது. தண்ணீர் நிற்கும் என்று உனக்கு எப்படித் தெரிந்தது?

பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் புளி விஷயம் மட்டும் எழுது.

உன்,
வீரையன்


சென்னை,
24.07.2025

கனிமொழி அப்பாவுக்கு,

குழந்தை தூங்குகிறது. கனிமொழி ஆபீஸில். அதனால் எழுதுகிறேன். இதை அவள் படம் பிடிக்கக் கூடாது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். அந்த இடத்துக்குப் பெயர் மதகடிப் பள்ளம். உங்கள் மதில் சுவருக்குப் பின்னால் ஒரு பக்கம் கல் பெயர்ந்த மதகு ஒன்று நிற்கிறதே, அதன் அடி. எங்கள் அம்மா கண்ணாத்தாள் நட்ட வயல் அது. நடவு முடியும்போது பெண்கள் அங்கேதான் வந்து கரையேறுவார்கள்.

நான் அந்த ஊரை விட்டு வந்தபோது எனக்குப் பத்து வயதுகூட இருக்காது. இப்போது பைபாஸ் ரோடு போட்டு, வேறு பக்கமாக வழி வந்துவிட்டது. குபேர நகர் என்று போர்டு வேறு. காரில் வரும்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுப்பில் பால் பொங்கியது. காற்று வரட்டும் என்று கொல்லைக் கதவைத் திறந்தேன். எதிரே மதகு.

உங்கள் வீட்டுப் பெண்கள் நடவுக்குப் போனதில்லையா, உங்களுக்கும் தெரிந்திருக்கும். நடவு நடக்கும்போது வரப்பில் யாராவது வந்தால், பெண்கள் ஒரு நாற்று முடியை, ஒரு கைப்பிடி நாற்றைக் கட்டி வைத்ததை, அவர் எதிரில் வைத்து வழி மறிப்பார்கள். வருகிறவர் முடியின் மேல் ஏதாவது காசு வைத்துவிட்டுத்தான் போவார். அது விளையாட்டு. கை ஏந்துவது இல்லை. பெரிய பண்ணையாரே நின்று, சிரித்து, வைத்துவிட்டுப் போவார்.

அன்று பண்ணை வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகன் வரப்பில் வந்தார். அம்மாதான் வாயாடி. முடியை வைத்து, "மாப்புள, வரப்புக்கு வாடகை குடுத்துட்டுப் போங்க" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். அவர் முடியைச் செருப்புக் காலால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு நடந்தார். அது தண்ணீரில் போய் விழுந்தது. அம்மா முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அதை எங்கே வைப்பது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. பிறகு குனிந்து அந்த முடியை எடுத்து, பிரித்து, நட்டுவிட்டுத்தான் கரையேறியது. நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்றேன். அடுத்த போகத்துக்கு முன்னால் நாங்கள் ஊரை விட்டுப் போய்விட்டோம். ஏன் என்று அம்மா கடைசிவரை சொன்னதில்லை.

அந்த இடத்தில் நாற்காலி போட்டுக் காபி குடிக்க எனக்கு வராது.

நீங்கள் தெரியாமல் வாங்கினீர்கள். ஆசையாகக் கட்டினீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. விற்கச் சொல்லவும் இல்லை. கத்தரிப்பூ தலை குனிந்து பூக்கும் என்று நீங்கள் எழுதியதைப் படித்து நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? தோட்டத்தை விட்டுவிடாதீர்கள். என்னைக் கூப்பிடாதீர்கள்.

புளியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கரையுங்கள்.

அனுசுயா


குபேர நகர்,
10.08.2025

அன்புள்ள அனுசுயாவுக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. மன்னித்துக்கொள்.

உன் கடிதம் வந்த பிறகு சில நாட்கள் நான் கொல்லைக் கதவையே திறக்கவில்லை. நஜ்மா சுவர் வழியாகக் கத்தினார்: "சார், வெண்டக்கா முத்திப் போச்சு! ஒடம்புக்கு ஏதும் முடியலையா?" கதவைத் திறந்து, "நீங்கள் பறித்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பறித்து, வதக்கி, தட்டில் வைத்து வாசல் வழியாக அனுப்பிவிட்டார். நல்ல மனுஷி.

நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். சரியா தவறா என்று நீதான் சொல்ல வேண்டும். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நான் அங்கே வந்துவிடுகிறேன். தோட்டத்தை லியாகத் அலி வீட்டார் பார்த்துக்கொள்வார்கள். கனிமொழி வீட்டுப் பால்கனியில் இரண்டு தொட்டி வைக்க இடம் இருக்கும். தோட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது; பிடிக்கவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் கத்தரிக்காயைப் பறித்தால் யாரிடம் காட்டுவது? நஜ்மாவிடம் காட்டிக் காட்டி, இப்போதெல்லாம் நான் காயோடு வருவதைப் பார்த்தாலே அவருக்கு அடுப்பில் வேலை வந்துவிடுகிறது.

உன் அம்மாவை நான் கல்யாணத்துக்குப் பிறகுதான் பார்த்தேன். என்னிடம் "சாப்புடுங்க தம்பி" என்பதைத் தவிர அதிகம் பேசியதில்லை. வாயாடி என்று நீ எழுதித்தான் தெரிகிறது. அதை நினைத்துத்தான் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

கிளம்புவதற்கு முன் உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். கனகாம்பரம் அழுகிய மூலையில் தண்ணீருக்குள் புல் முளைத்திருக்கிறது. ஒரு சாண் உயரம். களை என்று பிடுங்கப் போனேன். கையில் எடுத்ததும் சந்தேகம் வந்துவிட்டது. இலை தண்டோடு சேரும் கழுத்தில் மெல்லிய தோல் போல ஒரு நாக்கு தெரிகிறது. நெல்லுக்கு அது உண்டு, கோரைக்கும் குதிரைவாலிப் புல்லுக்கும் கிடையாது என்று பயிற்சியில் படித்திருக்கிறேன். புத்தகம் சரிதான். என் கண் சரியா என்றுதான் தெரியவில்லை. நஜ்மாவின் உதவியால் படம் எடுத்துக் கனிமொழியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல். உன் பதில் வரும்வரை அதில் கை வைக்க மாட்டேன்.

உன்,
வீரையன்


சென்னை,
20.08.2025

கனிமொழி அப்பாவுக்கு,

படத்தைப் பார்த்தேன். நெல்தான். பக்கத்து வயலிலிருந்து தண்ணீரோடு வந்த விதையோ, பழைய வயலில் சிந்திக் கிடந்ததோ, யார் கண்டது? மனை போட்டவர்கள் போர்டு வைத்துவிட்டுப் போனார்கள். மண்ணுக்குப் படிக்கத் தெரியவில்லை.

படத்தை முதலில் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். குழந்தை அதை எடுத்துக் கடித்தாள். பிடுங்கி மறுபடி பார்த்தேன். ராத்திரியும் பார்த்தேன். கனிமொழி, "என்னம்மா, புல்லைப் போயி இப்படிப் பாக்குற?" என்றாள். அவளுக்கு அன்றுதான் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, "அம்மாச்சி அந்த முடிய எடுத்து நட்டுச்சுல்ல? நீ ஏன் கதவைச் சாத்திட்டு வந்த?" என்றாள். பெற்றதுக்கு நன்றாகக் கேட்டாள்.

அது கும்பலாக முளைத்திருக்கிறது. அப்படியே விட்டால் ஒன்றையொன்று நெருக்கி வீணாகிவிடும். பறித்து, பிரித்து நட வேண்டும். இன்னும் தள்ளிப்போட்டால் நாற்று முற்றிவிடும்.

நீங்கள் நடாதீர்கள். கயிறு கட்டிக்கொண்டு நிற்பீர்கள். மூலையைச் சுற்றி ஒரு சின்ன வரப்பு மட்டும் போட்டு வையுங்கள், ஆள் நடக்கிற அகலத்துக்கு. அடுத்த வாரம் சனிக்கிழமை மாப்பிள்ளைக்கு லீவு, குழந்தையைப் பார்த்துக்கொள்வார். வெள்ளி ராத்திரி ரயிலில் ஏறி, காலையில் வந்து, நட்டுவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடுவேன். நட்டுவிட்டு வருகிறேன் என்றுதான் சொல்கிறேன். இருக்க வருகிறேன் என்று சொல்லவில்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தால் நிறுத்துங்கள்.

அனுசுயா


குபேர நகர்,
07.09.2025

அன்புள்ள அனுசுயாவுக்கு,

நீ பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்ததாகக் கனிமொழி செய்தி அனுப்பினாள். பயிர் பச்சை பிடித்துவிட்டது. நீ நட்ட பக்கம் எது, நான் நட்ட பக்கம் எது என்று மாடியிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. என் பக்கம் தூக்கக் கலக்கத்தில் நிற்கிறது.

அன்று நடந்ததை எழுதி வைக்காவிட்டால் நான் நம்பமாட்டேன். நீ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாய். ஒரு கட்டில் அளவுதான் வயல். அதற்குள் நீ பின்னால் நகர்ந்து நகர்ந்து நட்ட வேகத்தை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் ஒரு தரம் நிமிர்ந்து மதகையே பார்த்தாய். காபி போட்டு எடுத்துக்கொண்டு வரப்பில் வந்தேன். கீழே பார்த்தால் என் எதிரில் நாற்று முடி. நீ இடுப்பில் கை வைத்து, "மொதலாளி, வரப்புக்கு வாடகை குடுத்துட்டுப் போங்க!" என்றாய்.

சுவருக்கு அந்தப் பக்கம் நஜ்மா, "குடுங்க சார், குடுங்க! ஜிபே எல்லாம் வாங்க மாட்டாங்க!" என்று சிரித்தார். நீயும் சிரித்துக்கொண்டிருந்தாய். ஆனால் உன் கண் சிரிக்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முடிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். சட்டை போடவில்லை, பையில்லை, காசில்லை. இடுப்பில் வேட்டி மடிப்பில் வாசல் சாவி மட்டும் இருந்தது. அதை எடுத்து முடிமேல் வைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

நீ கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாய். எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாய். பிறகு, "பத்தாது" என்றாய்.

"வேற என்ன வேணும்?"

"எறங்குங்க."

அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. உன்னிடம் சொன்னேன். "ஊரான் சேத்துலதான் எறங்க வேணாம்னாரு. இது நம்ம சேறு, எறங்குங்க" என்றாய். ரப்பர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன். முழங்காலுக்குக் கீழே மண் பிடித்து இழுத்தது. குளிர்ச்சியாக இருந்தது, அனுசுயா. அந்த முடியை இருவரும் பிரித்து நட்டோம். நான் நட்டது சாயச் சாய நீ நிமிர்த்திக்கொண்டே வந்தாய். கடைசி நாற்றை மதகுக்கு நேராக நட்டுவிட்டு, சத்தமில்லாமல் அழுதாய். நான் பார்க்காத மாதிரி பாகல் பந்தலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

இப்போது ஒரு சங்கடம். சாவி உன்னோடு போய்விட்டது. வீட்டைப் பூட்ட முடியவில்லை. கடைக்குப் போனால் நஜ்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓட்டமாகத் திரும்பி வருகிறேன். லியாகத் அலி, "மாத்துச் சாவி போட்டுடலாமே சார், பத்து நிமிஷ வேலை" என்கிறார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். கையில் கத்தரிக்காயைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

உன்னை வா என்று கூப்பிடக் கூடாது என்று எழுதியிருந்தாய். கூப்பிடவில்லை. வீடு திறந்திருக்கிறது என்று மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

உன்,
வீரையன்


சென்னை,
16.09.2025

கனிமொழி அப்பாவுக்கு அன்புடன்,

மாற்றுச் சாவி போடாதீர்கள்.

கனிமொழி ஆபீஸ் பக்கத்திலேயே நல்ல குழந்தைகள் காப்பகம் இருக்கிறதாம். இத்தனை நாள் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாள். நான் வீட்டுக்குப் போகத் தயாராகும்வரை சொல்ல வேண்டாம் என்று இருந்தாளாம். உங்கள் பெண், உங்களைப் போலத்தான். பேத்தியைப் பொங்கலுக்கு அழைத்துக்கொண்டு வருவார்கள். அதற்குள் அந்தக் கட்டில் அளவு வயலும் கதிர் முற்றிவிடும். எடை போடுகிறேன் என்று தராசைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

களை எடுக்கும் நேரம் வந்துவிட்டது. உங்களை நம்பி விட்டால் பயிரைப் பிடுங்கிவிட்டுப் புல்லுக்குத் தண்ணீர் காட்டுவீர்கள். திங்கட்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குகிறேன். இந்த முறை பெட்டி இரண்டு. ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், வீடு திறந்து கிடக்கும். நான் ஆட்டோவில் வந்துவிடுவேன். வழி எனக்குத் தெரியும்.

கனகாம்பரத்தை வாசல் பக்கம், மேட்டில் வையுங்கள்.

சமையல் மேடை கொஞ்சம் உயரம்தான். மேஸ்திரியை வரச் சொல்லுங்கள்.

அனுசுயா